மழையில் நனையும் தோரண வாயில்

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையோரம் பிற்பகல் வேளைகளில் இடியும் மழையுமாக இருப்பது ஆண்டுதோறும் காணும் நிலை. இரண்டு பருவக் காற்றுகளுக்கு இடைப்பட்ட நாள்கள் அவை. சிங்கப்பூரிலோ டிசம்பரும் ஜனவரியும் வடகிழக்குப் பருவமழைக்குரிய மாதங்கள். தைப்பூச ஏற்பாடுகள் அம்மழையினூடேதான் நடந்தேறுகின்றன. ஆலய வாசலில் ஒட்டுப்பலகையால் ஆன தோரண வாயிலும், மயில், அன்னம், வேல், குத்துவிளக்கு ஆகிய வடிவங்களில் வெட்டி வண்ணம் தீட்டிய பலகைகளும் நிறுத்தப்படுவது இதே நாள்களில்தான். திருநாளையும் மழையையும் பிரித்து வைக்க எந்த நிர்வாகத்தாலும் இயலாது. மரத்தையும் நீரையும் பிரித்து வைப்பது மட்டும் செய்பவர் கையில் உள்ளது. அதைச் செய்வதில்தான் பல இடங்களில் குறை காணப்படுகிறது.

இவ்வலங்காரங்களைச் செய்வோர் யார் என்பதை முதலில் நினைவுகூர வேண்டும். பகலெல்லாம் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் உழைத்துவிட்டு, மாலையில் ஆலய மண்டபத்துக்கு வந்து, இரவு வெகுநேரம் வரை ரம்பமும் தூரிகையுமாக நிற்கும் இளைஞர்களே அவர்கள். பலகையும் சாயமும் வாங்கிய பணம் பக்தர்கள் உண்டியலில் இட்ட பணம். அப்படி உருவான தோரண வாயில் கொடியேற்றத்தன்று பளபளத்து, பத்தாம் நாள் ஓரம் உப்பி, மறு ஆண்டு கிடங்கிலிருந்து எடுக்கும்போது ஏடு ஏடாகப் பிரிந்து கையோடு வருமானால், நிர்வாகக் கூட்டத்தில் எழும் முடிவு எதுவாக இருக்கும்? ‘இனி இந்த வேலையே வேண்டாம், அச்சுக் கடையில் பதாகை அடித்துவிடலாம்’ என்பதுதான். பதாகை மலிவு, நனைந்தாலும் கெடாது, சுருட்டி வைத்துவிடலாம். ஆனால் அதனைச் செய்வது கடைக்காரரின் இயந்திரம். ஆலயத்துப் பிள்ளைகளுக்குக் கயிறு கட்டும் வேலை மட்டுமே மிஞ்சுகிறது. தோட்டப்புற ஆலயங்களில் தச்சு வேலை அறிந்த பெரியவர் ஒருவரோடு உடனிருந்து இளையோர் கற்ற கைத்திறன், பட்டணத்து ஆலயங்களுக்கு வந்த பின்னும் ஓரளவு தொடர்ந்து வருகிறது. ஓரம் உப்பிய பலகைக்காக அதனை இழப்பது பெரிய நட்டம்.

முன்னோர் மரத்தை மழையில் விட்டுவைத்தவர்கள் அல்லர். கொடிமரத்துக்குச் செம்பு அல்லது பித்தளைத் தகடு போர்த்தினர். வாகனங்களைக் கூரையின்கீழ் வைத்தனர். தேருக்குத் தனிக் கொட்டகை எழுப்பினர். இத்தனைக்கும் தமிழகத்து மழை இந்நாட்டு மழையைப் போன்றதன்று. சென்னையில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்து ஓய்ந்தபின், மாதக்கணக்கில் வெயில் காயும். நனைந்த மரம் உலர அங்கே அவகாசம் உண்டு. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. மழையே இல்லாத மாதம் என்று ஒன்று இல்லை. மழை பெய்யாத நாளிலும் காற்றில் ஈரம் குறைவதில்லை. மலாய்க் கிராம வீடுகளைக் கட்டிய தச்சர்கள் இதனை நன்கு உணர்ந்தவர்கள். செங்கால் போன்ற வைரம் பாய்ந்த மரத்தூணைக்கூட அவர்கள் பெரும்பாலும் மண்ணில் புதைக்காமல் கல்லின்மேல் நிறுத்தினர். பத்துமலையில் 1920-ஆம் ஆண்டு குகைக் கோயிலுக்கு அமைக்கப்பட்டவை மரப்படிகள் என்பதும், பின்னாளில் அவற்றின் இடத்தில் 272 கான்கிரீட் படிகள் வந்தன என்பதும் பலர் அறிந்த செய்தியே.

நீர் மரத்துக்குள் எவ்வழியாக நுழைகிறது என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து நீரை மேலே ஏற்றிய நுண்குழாய்கள், அறுத்த பின்னும் பலகைக்குள் அப்படியே உள்ளன. பலகையின் முகப்பில் அவை படுத்துக் கிடக்கின்றன. குறுக்கே அறுத்த முனையில் வாய் திறந்து நிற்கின்றன. ஆகவே முனை வழியே நீர் ஏறும் வேகம் முகப்பு வழியே ஏறுவதைப் போல் பன்மடங்கு. ஒட்டுப்பலகையில் மெல்லிய ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால், நான்கு ஓரங்களிலும் இத்தகைய திறந்த வாய்கள் உண்டு. மயில் தோகையை வளைத்து வெட்டினால் அவ்வளைவு நெடுகிலும் உண்டு. மின்விளக்குக்காக நூறு துளையிட்டால் ஒவ்வொரு துளையின் சுவரிலும் உண்டு. முகப்புக்கு மட்டும் மூன்று முறை சாயம் பூசி, ஓரத்தையும் துளையையும் பின்புறத்தையும் விட்டுவிட்டால், உள்ளே புகுந்த நீர் அந்தச் சாயத்தாலேயே வெளியேற முடியாமல் தங்கிவிடுகிறது. பிறகு வெயில் அடிக்கிறது; உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிச் சாயத்தைக் கொப்புளமாகத் தள்ளுகிறது. ‘மட்டமான சாயம்’ என்று கடைக்காரரைக் குறை கூறுவது இதன் பிறகுதான். மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் 20 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்கும்வரை மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சணம் வளர்வதில்லை. அந்த அளவுக்குமேல் நீண்ட நாள் நின்றால் அதனைத் தடுப்பது கடினம்.

பலகையைத் தேர்ந்தெடுப்பதிலேயே பலர் ஏமாறுகின்றனர். எம்.டி.எஃப். எனப்படும் நார்ப்பலகை வழவழப்பாக இருக்கிறது, வெட்டுவதற்கு எளிது, விலையும் ஏற்றதாக இருக்கிறது. ஆனால் சாதாரண நார்ப்பலகை ஒரு மழையில் ரொட்டிபோல் ஊறிவிடும். அதனை வாசலுக்கு வெளியே கொண்டு வரவே கூடாது. ஒட்டுப்பலகையில் மரத்தைக் காட்டிலும் ஒட்டிய பசையே முதலில் கேட்டறிய வேண்டியது. அறைக்குள் வைக்கும் நாற்காலி மேசைகளுக்கான பலகையில் உள்ள பசை தொடர்ந்த ஈரத்தைத் தாங்காது. கொதிநீரையும் வெயில் மழையையும் தாங்கும் பசையால் ஒட்டியது என்று ‘டபிள்யூ.பி.பி.’ குறியிட்டு விற்கப்படும் பலகையே வெளி வேலைக்கு ஏற்றது. ‘மரைன்’ பலகை வாங்கிவிட்டால் கவலை இல்லை என்ற எண்ணமும் சரியன்று. அதில் பசை உயர்ந்தது. உள்ளே வெற்றிடம் குறைவு. என்றாலும் மருந்தேற்றாத மரம் மரமே, ஈரம் நின்றால் உளுக்கும். கட்டுமான இடங்களில் கான்கிரீட் வார்க்கப் பயன்படும், பழுப்பு நிறப் பளபளப்பான மேற்பூச்சுடைய பலகையை வாங்குவோரும் உண்டு. முகப்பில் நீர் ஒட்டாது. ஆனால் அந்தப் பளபளப்பைத் தேய்த்து நீக்காமல் சாயமும் ஒட்டாது. ஆலையில் ஓரங்களுக்குப் பூசி அனுப்பிய காப்பும், பலகையை வெட்டிய கணமே போய்விடுகிறது. சட்டங்களுக்கு மெராந்தி பயன்படலாம், எல்லாப் பக்கமும் பூசினால். ரப்பர் மரத்தைத் தவிர்ப்பது நல்லது. பூஞ்சணமும் துளைக்கும் பூச்சியும் அதனை விரைவில் நாடும்.

வேலையின் ஒழுங்கு இனி. வெட்டுவது, துளையிடுவது, திருகாணிக்கு வழி போடுவது ஆகிய அனைத்தும் சாயத்துக்கு முன் முடிந்திருக்க வேண்டும். சாயம் பூசிய பிறகு ‘இங்கே இன்னும் நான்கு விளக்கு’ என்று துளையிடுவதே பல அலங்காரங்களுக்கு எமனாக வந்து சேர்கிறது. கூரான ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துச் சற்று உருட்டிவிட வேண்டும். கூர்முனையில் சாயம் மெலிந்து நிற்பதால் அங்கேதான் முதலில் வெடிக்கும். ஓரத்து ஏடுகளுக்கிடையே தெரியும் பொந்துகளை வெளி வேலைக்குரிய மரப்பூச்சால் அடைக்க வேண்டும். வெள்ளைப் பசையைத் தடவிவிட்டால் போதும் என்பார் சிலர்; சாதாரண வெள்ளைப் பசை நீர் பட்டால் மீண்டும் இளகிவிடும். பிரைமர் எனப்படும் முதற்பூச்சை ஓரங்களுக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் உலரவிட்டு, மரம் உறிஞ்சுவது நிற்கும்வரை பூசுவது முறை. துளைகளுக்குள்ளும் சிறு தூரிகையை விட்டுச் சுற்ற வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். முகப்பு ஓவியம் தீட்டுபவருக்குக் கிடைக்கும் பாராட்டில் ஒரு பங்கு, ஓரம் பூசும் பிள்ளைக்கும் உரியது.

மேற்பூச்சுக்கு எண்ணெய்ச் சாயமே உறுதியானது என்ற எண்ணம் பழைய தலைமுறையினரிடம் வேரூன்றியுள்ளது. அது பளபளக்கும், ஆனால் வெயிலில் ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகி, மரம் ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கும்போது உடன் நெளிய முடியாமல் வெடிக்கும். வெளிச்சுவர்க்கும் மரத்துக்கும் உரிய நல்ல அக்ரிலிக் சாயம் நீரில் கரைத்துப் பூசப்படுவதாயினும், உலர்ந்தபின் நெகிழ்வாக நின்று, உள்ளே அகப்பட்ட ஆவியையும் ஓரளவு வெளியே விடுகிறது. தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு பூச்சு மேல். உச்சி வெயிலில் பூசினால் மேல்பகுதி உடனே தோல் கட்டி, உள்பகுதி உலராமல் கொப்புளிக்கும். மழை பெய்த மறுநாள் ஈரப் பலகையில் பூசுவது அதனினும் மோசம்.

மர நிறம் தெரிய வேண்டும் என்று நிறமற்ற வார்னிஷ் மட்டும் பூசுவோர் வெயிலை மறந்துவிடுகின்றனர். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக்கதிர் தெளிந்த பூச்சின் வழியே ஊடுருவி மரத்தின் மேல்நாரைக் கெடுத்துவிட, பூச்சு பிடிமானம் இழந்து தகடு தகடாக உரியும். கப்பல் பாய்மரங்களுக்கென உருவான வகை வார்னிஷ் சற்று நாள் கூடுதலாகத் தாங்கும். அதற்கும் அடிக்கடி மறுபூச்சு வேண்டும். வண்ணச் சாயத்தில் உள்ள நிறப்பொடியே மரத்துக்குக் குடையாகிறது. அந்நிறங்களிலும் வேறுபாடு உண்டு. கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பும் ஒளிரும் பச்சையும் திறந்தவெளியில் விரைவில் வெளுத்துவிடும். இரும்புத் தாதிலிருந்து வந்த செங்காவியும் மஞ்சள் காவியும் வெயிலுக்கு அசையாதவை. ஆலயச் சுவர்களில் காவிப் பட்டை இட்ட மரபில் இந்த அனுபவமும் சேர்ந்திருக்கலாம். மலிவான தங்கச் சாயத்தில் இருப்பது பெரும்பாலும் செம்பும் துத்தநாகமும் கலந்த பொடி. மழை பட்டால் கறுத்துவிடும். மயிலின் கழுத்துக்கு அதனைப் பூசுவதற்கு முன் தகரக் குவளையில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்கலாம்.

பின்புறத்தை விட்டுவிடுவதால் வரும் கேடு வேறு வகை. ஒரு முகம் பூசிய பலகை, பூசாத முகத்தின் வழியே மட்டும் ஈரத்தை வாங்கி அப்பக்கம் விரிகிறது. பலகை வில்லாக வளைகிறது. நேராக நின்ற துவாரபாலகர் கூன் விழுந்து நிற்பதைக் காண நேர்வது இதனால்தான். யார் பார்க்கப்போகிறார் என்று பின்புறத்தை விடாமல், முகப்புக்கு எத்தனை பூச்சோ அத்தனை பூச்சுப் பின்புறத்துக்கும் தர வேண்டும். வண்ணம் எதுவாயினும் சரி; மீந்த சாயங்களைக் கலந்து பூசினாலும் சரி, ஒரே வகைச் சாயங்களாக இருந்தால் போதும்.

நிறுத்துவதற்கு வந்தால், மரத்தின் காலை மண்ணிலோ புல்லிலோ வைக்கலாகாது. ஒரு செங்கல் உயரமாவது தூக்கி, இரும்புக் காலணி அல்லது கான்கிரீட் கட்டையின்மேல் அமர்த்துவது நலம். மண்ணிலிருந்து வரும் கரையானுக்கும் அது ஒரு தடை. மேல் விளிம்பைத் தட்டையாக விடாமல் சற்றுச் சாய்வாகச் சீவிவிட்டால் நீர் தேங்காது. சாதாரண இரும்பு ஆணி துருப்பிடித்து, உப்பி, மரத்தைப் பிளந்து, முகப்பில் பழுப்புக் கண்ணீர் வடிக்கும். துத்தநாக முலாம் பூசியது அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி சற்றுச் செலவானாலும் அடுத்த ஆண்டு கழற்றி மாட்டலாம். காற்றை மறப்பது இவற்றுள் எல்லாம் ஆபத்தானது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் முற்பகலிலும், சுமத்ரா பக்கமிருந்து திரண்டு வரும் புயற்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடியது. எட்டடிக்கு நான்கடி முழுப் பலகை ஒன்று அக்காற்றின் உச்ச வேகத்தை நேராக எதிர்த்து நின்றால், வளர்ந்த ஆள் ஒருவரின் எடைக்குக் குறையாத விசை அதனைத் தள்ளும். கால் உளுத்த தோரண வாயில் பக்தர் கூட்டத்தின்மேல் சாய்வது எப்படி என்று எவரும் கற்பனை செய்து பார்க்க வேண்டியதில்லை. தாங்குசட்டமும் இழுகம்பியும் கட்டிவிட்டால் போதும். மழையில் நிற்கும் விளக்கு வரிசைக்கு வெளிப்புறத்துக்கென்றே செய்த விளக்குகளும், மின்கசிவுத் தடுப்பான் வழியே வரும் இணைப்பும், உரிமம் பெற்ற மின்பணியாளரின் கையும் வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

குறுக்கு வழிகள் சில புழக்கத்தில் உள்ளன. வாகனத்திலிருந்து வடித்த கரிய எண்ணெயை மரக்காலுக்குத் தடவுவது அவற்றுள் ஒன்று. அதில் உடலுக்குத் தீங்கான பொருள்கள் உள்ளன. தொடும் பக்தரின் ஆடையில் ஒட்டும். அதன்மேல் எந்தச் சாயமும் நிற்காது. ஆளிவிதை எண்ணெய் தடவுவது நல்ல பழக்கமே எனினும், காய்ச்சாத எண்ணெய் இத்தட்பவெப்பத்தில் பூஞ்சணத்துக்கு உணவாகிறது. எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் அவை தாமே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து உலர்த்த வேண்டும் அல்லது நீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும். கிடங்கில் கற்பூரப் பெட்டிகளும் இருக்கும் இடங்களில் இதனை விளையாட்டாக எண்ணலாகாது. மருந்தேற்றிய, பச்சை சாயல் படிந்த மரத்தைக் காலுக்குப் பயன்படுத்துவது பயன் தரும். ஆனால் அதன் துண்டுகள் அன்னதான அடுப்புக்கோ யாக குண்டத்துக்கோ ஒருபோதும் போகக் கூடாது. அம்மருந்துகளில் ஆர்செனிக் கலந்த வகையும் உண்டு. எரித்தால் புகையிலும் சாம்பலிலும் நஞ்சு நிற்கும். ஒட்டுப்பலகைத் துண்டுகளையும் சாயம் பூசிய கட்டைகளையும் அடுப்பில் இடாமல் இருப்பதே நலம். பழைய வாயிலைத் தேய்த்து மறுபூச்சுப் போடும்போது, முற்காலத்து எண்ணெய்ச் சாயங்களில் ஈயம் இருந்திருக்கக்கூடும் என்பதால், உலர்ந்த தூசு பறக்காமல் நனைத்துத் தேய்ப்பதும் முகக்கவசம் அணிவதும் அவசியம். சிறு பிள்ளைகளை அவ்வேலையில் விடக் கூடாது.

வீட்டு வாயிலில் தீபாவளிக்கென அகல்விளக்கு வடிவப் பலகையும் கோலப் பலகையும் செய்து வைக்கும் குடும்பங்களுக்கும் இவையெல்லாம் பொருந்தும். அவர்கள் வேலை சிறிது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஓரம் பூசி முடிக்கலாம்.

திருவிழா முடிந்த மறுநாளைப் பற்றி எவரும் பேசுவதில்லை. களைப்பும் மனநிறைவுமாக எல்லோரும் வீடு திரும்ப, அலங்காரங்கள் ஈரத்தோடு கழற்றப்பட்டு, தார்ப்பாய் போர்த்தி இறுக்கிக் கட்டப்பட்டு, மடைப்பள்ளிக்குப் பின்னால் தரையில் படுக்க வைக்கப்படுகின்றன. பத்து நாள் மழையைத் தாங்கிய பலகை அந்தத் தார்ப்பாய்க்குள் பத்து மாதம் புழுங்கி உளுக்கிறது. துடைத்து, நிழலில் காற்றாட உலர்த்தி, கூரையின்கீழ் கட்டைமீது நிற்க வைத்து, பலகைக்கும் பலகைக்கும் இடையே குச்சி வைத்தால் காற்று புகும். மேலே தூசு படாமல் துணி போடலாம், பக்கங்களை மூடலாகாது. இப்பணிக்கு இரண்டு மூன்று பேரைத் திருவிழாவுக்கு முன்பே பெயர் குறித்து நியமித்துவிடுவது நிர்வாகத்தின் கடமை. கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் முன்னதாக அவர்களே வெளியே எடுத்து, கால், ஓரம், துளை மூன்றையும் கத்தி முனையால் குத்திப் பார்க்க வேண்டும். முனை எளிதில் இறங்கினால் அப்பகுதி உளுத்துவிட்டது. சாயம் பூசி மறைக்காமல் அறுத்து மாற்ற வேண்டும். முழுப் பலகையும் போய்விட்டதென்றால், குப்பைக்கு அனுப்புமுன் அதனைப் புதுப் பலகையின்மேல் கிடத்தி விளிம்பைச் சுற்றிக் கோடு இழுத்துக்கொள்ளலாம். வரைந்த பெரியவர் இப்போது இல்லாவிட்டாலும் மயிலின் வடிவம் கிடைத்துவிடும்.